இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கவும்

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளி முடிந்த அடுத்த வாரம், ஈப்போவில் நான் வேலை பார்க்கும் கடையில் தொடங்கியது இது. கணினிச் சாமான்கள் விற்கும் கடை. வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் வைஃபை பெட்டி விற்பதும், நேரில் போய்ப் பொருத்திக் கொடுப்பதும் என் பொறுப்பு. முதலாளி சீனர். கல்லாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டார். ஒரு பெண் ஏணியில் ஏறி ஒயர் இழுப்பதை முதலில் வேடிக்கை பார்த்தவர்கள்கூட இப்போது "அக்கா எப்ப வருவாங்க?" என்றுதான் கேட்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான். அந்தப் பெருமை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடைக்குள் காலை வைத்தவர், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் நேரத்துக்குள், இவர் எதை வாங்குவார் என்று முடிவு கட்டிவிடுவேன். முதலாளியோடு ஒரு கோப்பிக்குப் பந்தயம்கூட வைப்பேன். பெரும்பாலும் நான்தான் கோப்பி குடிப்பேன். முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடத் தெரிந்தவள் என்று கடையில் எனக்குப் பெயர்.

அந்த அண்ணன் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த சட்டை, காவலாளிகள் போடும் கருநீலக் கால்சட்டை, தேய்ந்த ரப்பர் செருப்பு. மோட்டார் சைக்கிள் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணாடி அலமாரியில் கை பட்டுவிடக்கூடாது என்பதுபோல் ஓரமாக நின்றார். நான் முதலாளியைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினேன். இருப்பதிலேயே மலிவானது ஒன்று என்று அர்த்தம். முதலாளி பந்தயத்துக்கு வரவில்லை, அவருக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

"பின்னாடி ரூமுக்கு லைன் வரல தங்கச்சி. வர்ற மாதிரி ஒரு பொட்டி வேணும்," என்றார்.

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். வீடு எங்கே? சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த தாமானில், அதாவது வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில். எத்தனை அறை? மூன்று, அதுபோக சமையல்கட்டை ஒட்டிப் பிறகு கட்டியது ஒன்று. மாடி உண்டா? இல்லை. எத்தனை பேர் பயன்படுத்துவீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு போனுதான்மா" என்றார்.

ஒரு போன் என்றதும் என் கணக்கு முடிந்துவிட்டது. வேலை முடிந்து வந்து, பின்னறையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு படம் பார்க்கிற ஆள். சுவரில் செருகுகிற சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தேன். முன்னால் இருக்கும் லைனை வாங்கிப் பின்னால் தள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. வாங்கித் தள்ளும்போதே பாதி வேகம் போய்விடும். சுவர் கனமாக இருந்தால் அந்தப் பாதியும் போய்ச் சேராது. முன்னறையிலிருந்து ஒயர் இழுத்து, பின்னறையில் இன்னொரு நல்ல பெட்டியை வைப்பதுதான் உருப்படியான வழி. அது எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இவருக்கு எதற்கு அதெல்லாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"படம் நிக்காம வருமா?" என்று கேட்டார்.

"தாராளமா வரும்ணே."

பணத்தைக் கொடுத்துவிட்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து மறுபடியும் அதையே கேட்டார். "நிக்காம வரும் இல்ல?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "என்னண்ணே, அவ்வளவு படம் பார்ப்பீங்களா?" என்று சிரித்தேன். அவரும் மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

நான்கு நாளில் திரும்பி வந்தார், இந்த முறை சீருடையோடு. ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலை, காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு மணிவரை வாசலில் காவல் என்பது அப்போதுதான் தெரிந்தது. "படம் நின்னு நின்னு வருது தங்கச்சி. மூஞ்சி கட்டம் கட்டமா தெரியிது," என்றார். எனக்குக் கடுப்பு வந்தது. பெட்டியைக் கண்ட இடத்தில் செருகிவிட்டு, பெட்டி சரியில்லை என்று வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான். ஏதோ பேசப் போனவள், அவர் முகத்தைப் பார்த்து அடங்கிக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் எனக்கு வேலை இருந்தது. போகிற வழியில் மூன்று மணிக்கு வந்து பார்க்கிறேன் என்றேன். ஜாகாக்கள் வைத்திருக்கும் சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, நாளையும் நேரத்தையும் அழகான எழுத்தில் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை போனேன். ரப்பர் மரங்கள் இருந்த இடம் முழுக்க இப்போது செம்பனை. அதன் ஓரத்தில் ஒரே மாதிரி வீடுகள் நான்கு வரிசை. தாமானுக்குள் திரும்பியதுமே என் கைப்பேசியில் லைன் போய்விட்டது. "கோயிலுக்குப் பக்கத்துல நின்னா ரெண்டு கோடு வரும், இங்க கோசோங், ஒண்ணுமே இல்ல," என்று கையை விரித்தார் அவர். போன வருடம் வீட்டுக்கு பைபர் லைன் இழுத்த பிறகுதான் இந்தப் பக்கத்தில் நிம்மதியாகப் பேச முடிகிறதாம்.

உள்ளே போய்ப் பார்த்தால், லைன் கம்பெனி கொடுத்த பெட்டி சாமி மாடத்தில் இருக்கிறது. முருகன் படத்துக்குப் பின்னால், பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு செம்பருத்திப் பூவோடு. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "என்னண்ணே, முருகனுக்கே லைன் குடுத்துட்டீங்க போல?" என்றேன்.

"வீட்டுல அதான்மா உசரமான எடம். சுத்தமான எடமும் அதான்," என்றார், சிரிக்காமல்.

கண்ணாடிச் சட்டமும் பித்தளையும் மறைத்தால் லைன் எப்படிப் போகும்? பெட்டியை எடுத்து மாடத்துக்கு வெளியே, சுவரில் உயரமாக ஒரு பலகையில் வைத்தேன். பிறகு பின்னறையைப் பார்க்கலாம் என்று சமையல்கட்டைத் தாண்டிப் போனேன்.

அங்கே ஓர் இரும்புக் கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தார்.

ஏழு மாதங்களாக அப்படித்தானாம். பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். குளியலறை பக்கத்தில் இருப்பதால் பின்னறை. அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். ஒரே மகள் சவூதியில் தாதியாக இருக்கிறாள். ஒப்பந்தப்படி பொங்கலுக்குத்தான் லீவு. தினமும் நம் நேரம் நாலு மணிக்கு அவளுக்கு அங்கே இடைவேளை. வார்டுக்குள் கைப்பேசி கூடாது என்பதால் அந்த நேரத்தில் மட்டும் கூப்பிடுவாள்.

"பேச்சு இல்லாத ஆளுகிட்ட போனுல என்னம்மா பேசுறது? மூஞ்சிய பார்த்தாத்தான் ரெண்டு பேருக்கும் மனசு ஆறும்," என்றார். முதலில் மனைவியை முன்னறைக்குத் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்துப் பேச வைப்பாராம். இப்போது உட்கார முடிவதில்லை. அதனால்தான் லைன் பின்னறைக்கு வர வேண்டியிருந்தது.

கடையிலேயே இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். அறை, மாடி, போன் என்று எல்லாவற்றையும் கேட்டவள், யாருக்கு, எதற்கு என்று கேட்கவே இல்லையே.

முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்தது வீட்டின் பழைய வெளிச்சுவர், நல்ல கனம். அதை ஒட்டி ஒரு இரும்பு பீரோ வேறு. நான் விற்ற பெட்டி அங்கே என்ன செய்யும், பாவம். கடுப்பெல்லாம் என்மேலேயே திரும்பியது. வண்டியில் இருந்த நல்ல பெட்டியைக் கொண்டுவந்தேன். கூரைக்குள் ஒயர் இழுத்து, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அதை மாட்டினேன். சின்னப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு மீதத்தை மட்டும் கொடுங்கள் என்றேன். அவர் அடுத்த நிமிடமே சந்தனக் கிண்ணத்தோடு வந்து அந்தப் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. "இருங்கம்மா, ஒரு கோப்பி குடிச்சிட்டு எப்படி வருதுன்னு பார்த்துட்டுப் போலாம்," என்றார். பால்மாவு டின் ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலின் மேல் வைத்து, அதில் கைப்பேசியைச் சாய்த்து நிறுத்தினார். டின்னை வைத்ததுமே அந்த அம்மாவின் கண் அந்தப் பக்கம் திரும்பியது. வீட்டில் யாரும் மணியைச் சொல்லவில்லை, டின்னைப் பார்த்தே அவருக்கு நேரம் தெரிந்திருந்தது.

சரியாக நாலுக்கு அழைப்பு வந்தது. வெள்ளைச் சீருடையில் ஒரு பெண், துணிகள் அடுக்கிய அலமாரிக்கு நடுவே நின்று பேசினாள். படம் துளிகூட நிற்கவில்லை. "ம்மா, இன்னிக்கு பசியாறிட்டீங்களா? அப்பா கஞ்சி குடுத்தாரா?" என்று ஆரம்பித்து, தான் என்ன சாப்பிட்டாள், எந்த நோயாளி என்ன ரகளை செய்தார் என்று பத்து நிமிடம் அவள் மட்டும்தான் பேசினாள். அம்மாவின் இடது கை மெல்ல எழுந்து திரைப்பக்கம் போனது. வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போனது. அது சிரிப்பு. மகள் அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பேச்சை நிறுத்தி, "ப்பா, அம்மா சிரிக்கிறாங்கப்பா! நல்லா தெரியிதுப்பா!" என்று கத்தினாள். ஒரு வாரமாகக் கட்டம் கட்டமாகத்தான் அம்மாவைப் பார்த்திருக்கிறாள், நான் விற்ற பெட்டியால். நான் சமையல்கட்டுக்குப் போய்க் கோப்பிக் கோப்பையைக் கழுவுகிற மாதிரி நின்று அழுதேன்.

அப்படியே கிளம்பியிருக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் பெட்டியைக் கொடுத்துவிட்டு இடியைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டோம். பேராக் மாநிலத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், வருடக் கடைசியில் மத்தியானம் ஆனால் வானம் எப்படி வெடிக்கும் என்று. மின்னலில் கருகிய பெட்டிகள் கடையில் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கும். வாரண்டியும் கிடைக்காது. எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். எல்லோரையும்விட அவரிடம் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

"இடி இடிச்சா யோசிக்காதீங்கண்ணே, ரெண்டு பிளக்கையும் புடுங்கிடுங்க. கொஞ்சம் அசந்தா பொட்டி கருகிடும். பொட்டி போச்சுன்னா அப்புறம் மகள பார்க்க முடியாது."

அவர் பயந்துவிட்டார். அதற்காகத்தானே மகளை இழுத்தேன். நாள்காட்டியின் பழைய தாளைத் திருப்பி, "இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, சுவிட்சுக்கு மேலே ஒட்டினார். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். "கெட்டிக்காரண்ணே நீங்க," என்று பாராட்டினேன்.

இப்போது சொல்லப்போவதை வீட்டில் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று என் வண்டியில் இரண்டு பேட்டரிப் பெட்டிகள் இருந்தன. உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சாமான். வைஃபை பெட்டியை அதில் செருகிவிட்டால், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மூன்று, நாலு மணி நேரம் லைன் ஓடும். பைபர் லைன் கண்ணாடி இழை என்பதால் அந்த வழியாக மின்னல் வராது. இடியும் இடிக்கட்டும், பேச்சும் நடக்கட்டும் என்று இருக்கலாம். அந்த இரண்டும் நான் அடுத்துப் போகவிருந்த கணக்காய்வு அலுவலகத்துக்கு. அவர்கள் கேட்கவில்லை. நானே பட்டியலில் சேர்த்திருந்தேன். எங்கள் தொழிலில் அது எழுதாத சட்டம். ஆபீஸ் என்றால் லைன் அறுந்தால் வேலை கெடும், அதனால் பேட்டரி வேண்டும். வீடு என்றால் என்ன, ஓடுகிற படம் நிற்கும், அவ்வளவுதான்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அந்தப் பெட்டிகள் கண்ணில் பட்டன. சொல்லலாமா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஏற்கெனவே ஒரு தடவை தவறானதை விற்று, மறுபடியும் ஒன்றை வாங்க வைத்தாயிற்று. இப்போது மூன்றாவதாக இதையும் நீட்டினால், ஏமாந்த ஆள் கிடைத்தார் என்று கறக்கிறாள் என நினைத்துக்கொள்வாரோ என்று இருந்தது. பாவம், இதற்குமேல் செலவு வைக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிக்கியைச் சாத்திவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு வண்டியை எடுத்தேன். கணக்காய்வு அலுவலகத்தில் இரண்டையும் பொருத்திக் கொடுத்தேன்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒருநாள் அவர் கடைக்கு வந்தார். முகத்தில் தாடி. கையில் ஒரு துணிப்பை. நான் என் வழக்கப்படி, "வாங்கண்ணே! படம் நிக்காம வருதா?" என்று இங்கிருந்தே சத்தம் போட்டேன். அவர் மேசைவரை வந்து, பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வைத்தார். மேலே சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"அவ போயிட்டாம்மா. பதினாறாம் நாள் காரியம் முந்தாநேத்து முடிஞ்சிச்சு," என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார், யாரோ ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோல.

அன்று காலையிலிருந்தே மூச்சு வேறு மாதிரி இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டார். மகளுக்குச் செய்தி அனுப்பினார். ஊருக்கு வர அவள் உடனே லீவு கேட்டிருக்கிறாள், வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடுகிறேன், அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறாள். மூன்றரைக்கு வானம் கறுத்தது. முதல் இடி இடித்ததும் அவர் எழுந்துபோய் இரண்டு பிளக்கையும் பிடுங்கினார். எப்போதும் அரைமணி நேரத்தில் ஓய்ந்துவிடுகிற மழைதானே, நாலுக்குள் விட்டுவிடும் என்று நினைத்தார்.

விடவில்லை. ஐந்து மணிக்கு மேலும் இடித்துக்கொண்டே இருந்தது.

"நாலாச்சு. டின்ன வெச்சு போன சாச்சு வெச்சேன். எப்பயும் வெக்கிறதுதானே. அவ அதையே பார்த்துகிட்டு கெடந்தா. கைய தூக்கி தூக்கி போன காட்டுனா. ரெண்டு தடவ பிளக்குகிட்ட போனேம்மா. ஒரு தடவ கையிலயே எடுத்துட்டேன். அப்பன்னு பார்த்து பக்கத்துலயே ஒரு இடி. நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. பொட்டி போச்சுன்னா அப்புறம் மகள பார்க்க முடியாதுன்னு சொன்னீங்க இல்ல? இன்னிக்கு ஒரு நாளு பார்க்காட்டி பரவால்ல, நாளைக்கும் பார்க்க வேணாமா? அப்படீன்னு நெனச்சு வெச்சுட்டேன்."

அவருக்கு நாளை என்று ஒன்று இருந்தது. அதைக் காப்பாற்றத்தான் அன்றைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்.

மழை விடுவதற்குள் அந்த அம்மா போய்விட்டார். கண் கைப்பேசிப் பக்கமே இருந்ததாம். மழை நின்றதும் பிளக்கைச் செருகியிருக்கிறார். லைன் வந்தது. மகள் கூப்பிட்ட அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிறைந்தன. அதற்குப் பிறகு அவர்தான் கூப்பிட்டார். அப்பாவின் முகத்தை முழுசாக, நிற்காத படமாகப் பார்த்தே மகள் தெரிந்துகொண்டாள். அவள் ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, சாம்பலும் கரைத்தாயிற்று.

அவர் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"மக திரும்பிப் போயிட்டா. முன்னாடி ரூமு லைனே போதும், எங்கிட்ட பேசுறதுக்கு. இது நல்லாத்தான் இருக்கும்மா. ஒரு நாளும் மின்னல் படல. நீங்க சொன்ன மாதிரியே பத்திரமா வெச்சுக்கிட்டேன். இந்த மாதிரி யாராச்சும் வந்தா குடுங்க. காசு வேணாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெட்டியைத் தூக்கி என் முகத்தில் எறிந்திருந்தால்கூட தாங்கியிருப்பேன். நான் கொடுத்த பொருளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிற மனுஷனிடம் என்ன சொல்வது? மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே கேட்டார்.

"ஒன்னு மட்டும் கேக்கணும் தங்கச்சி. ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது, அதான். அன்னிக்கு வேற ஏதாச்சும் வழி இருந்துச்சாம்மா? பொட்டியும் கெடாம, அவளும் பிள்ளைய பார்க்கிற மாதிரி?"

எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில், என் தோள் உயரத்தில், பேட்டரிப் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. அட்டையின் மேலேயே படம் போட்டிருக்கும், மின்னல், பக்கத்தில் சிரிக்கும் குடும்பம். அவர் கொஞ்சம் தலையைச் சாய்த்திருந்தால் பார்த்திருப்பார். நான் ஓர் அடி நகர்ந்து அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"இல்லண்ணே," என்றேன். "வேற வழி இல்ல. நீங்க செஞ்சதுதான் சரி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெரிதாக மூச்சுவிட்டார். "அதான் மககிட்டயும் சொன்னேன். அவளுக்கு என்மேல கோவம் இல்ல, இருந்தாலும் கேட்டுச் சொல்லுங்கன்னு சொன்னா. உங்கள மாதிரி தெரிஞ்சவங்க வாயால கேட்டா ஒரு நிம்மதி," என்றார். மோட்டார் தொப்பியை எடுத்துக்கொண்டு, "வாரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

அதற்குப் பிறகு பந்தயம் வைப்பதை விட்டுவிட்டேன். வைஃபை பெட்டி வேண்டும் என்று யார் வந்தாலும், அறைக் கணக்குக் கேட்பதற்கு முன்னால், இதில் யாரோடு பேசப்போகிறீர்கள் என்று கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். ஒரு பெரியவர், "அது உனக்கு எதுக்கு?" என்றுகூடக் கேட்டார். கேட்கட்டும். வீட்டுக்கும் பேட்டரி உண்டு என்று எடுத்துக் காட்டிவிடுகிறேன். வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்களே சொல்கிறார்கள். அவருடைய பெட்டியை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. பொட்டோடு அப்படியே என் மேசையில் இருக்கிறது, பேட்டரியில் செருகி. இடி இடிக்கும்போது கடையில் மற்ற எல்லா பிளக்கையும் பிடுங்குவோம். அது மட்டும் பச்சை விளக்கு எரிய ஓடிக்கொண்டிருக்கும். செய்ய வேண்டிய நாளில் செய்யாததை இப்போது செய்து யாருக்கு என்ன பயன்?

பேட்டரி என்று ஒரு வழி இருந்ததை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது. தெரிந்தால் அந்த மனுஷன் மிச்ச நாளெல்லாம் பிளக்கைக் கையில் பிடித்தபடியே நிற்பாரே என்றும் தோன்றுகிறது. அன்று நான் சொன்ன "இல்லண்ணே" அவர் தூங்குவதற்காகவா, என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. மழை நாட்களில் நாலு மணியானால் அந்தக் கேள்வி மட்டும் ஒரு நாளும் அறுபடாமல் வந்துவிடுகிறது.